ஐந்தாவது பேட்டரியைக் கொன்றது யார்?

அத்தியாயம் ஒன்பது

துப்பறிவாளர் குடையாரும் அவருடைய உதவியாளர் ஊசியும் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது. கொலையுண்டவர்கள் ஐந்து பேரும் சிமெண்டுத் தரையில் வரிசையாகக் கிடத்தப்பட்டு, ஈரச் சாக்கால் போர்த்தப்பட்டிருந்தார்கள். படகுக்காரர் சாக்கை விலக்கிக் காட்டினார். ஐந்தும் பேட்டரிகள்.

"அடையாளம் காட்ட சொந்தக்காரங்க யாராவது வந்திருக்காங்களா?" என்று ஊசி கேட்டாள்.

படகுக்காரர் சிரிக்கவில்லை. சிரிக்கிற முகமாகவும் அது இல்லை. இரண்டு நாள் தாடி, சிவந்த கண்கள், சட்டைப் பொத்தான் ஒன்று கீழே இறங்கி அடுத்த ஓட்டையில் மாட்டியிருந்தது.

குடையாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மழையோ வெயிலோ, கையிலிருக்கும் குடையை அவர் விரித்ததில்லை. விரித்தால் யோசனை காற்றில் போய்விடும் என்பது அவர் கட்சி. ஒரு பெரிய வீட்டில் சுவர்க் கடிகாரம் காணாமல் போனபோது, அங்கே வேலை பார்த்த பதினொரு பேரின் குறட்டையையும் காது கொடுத்துக் கேட்டு, அதில் ஒருவருடைய குறட்டை மட்டும் சரியாக மூன்று அடித்ததை வைத்துக் கடிகாரத்தைக் கண்டுபிடித்தவர் அவர். அந்த ஆள் நிரபராதி என்று பிறகு தெரிந்தது வேறு விஷயம். கடிகாரம் கிடைத்ததா இல்லையா, அதுதான் பேச்சு. அது இன்றைக்கும் எட்டு நிமிடம் தாமதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.

ஊசி இருபத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இந்த லைனை எடுத்து அந்த லைனில் செருகியவள். எக்ஸ்சேஞ்சை மூடியபோது அவளுக்கு மிச்சமானது இரண்டு காதும் ஒரு நாக்கும். காதுக்காகத்தான் குடையார் அவளை வேலைக்கு வைத்தார். நாக்கு இலவசமாக வந்தது.

படகுக்காரர் சொன்ன கதை இது. எதிரே தெரிகிற தீவுக்கு ஐம்பது நிமிட ஓட்டம். படகின் பின்பக்கம் தொங்குகிற இஞ்சின் புது மாதிரி. பெட்ரோலைக் குடிப்பது வாயால். மூச்சு விடுவது பேட்டரியால். பேட்டரி போனால் எண்ணெய் ஏறாது, பொறி பறக்காது, ரேடியோ பேசாது, படகுக்குள் கசிகிற தண்ணீரை இறைக்கிற பம்பு சுற்றாது. ஓடும்போது இஞ்சினே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை. ஒன்பது வாரத்தில் ஐந்து பேட்டரி போய்விட்டது.

கொலைகாரன் யாரென்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவருடைய மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி, படகு மெக்கானிக். இதே தடத்தில் சொந்தப் படகு ஓட்ட அனுமதி கேட்டு அவன் மனுப் போட்டிருக்கிறான் என்று போன மாதம் காதில் விழுந்தது. இன்று காலை ஆறு மணிக்கு, இஞ்சின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, கையில் ஒரு கறுப்புப் பெட்டியோடு நின்றவனைக் கையும் களவுமாகப் பிடித்தார். பிடித்துத் துறைக்குப் பின்னால் இருக்கிற தகர ஸ்டோரில் தள்ளிப் பூட்டிவிட்டார். சாவி உள்பாக்கெட்டில். சோப்புப் பெட்டி அளவிலிருந்த அந்தக் கறுப்புப் பெட்டியைக் குடையாரிடம் ஒப்படைத்தார். குடையார் அதைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே 'தடயம் ஒன்று: பேட்டரி கொல்லும் கருவி' என்று எழுதித் தம் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

வேறொரு நாளாக இருந்தால் இந்த வழக்கை ஒரு வாரம் நிதானமாக நடத்தியிருக்கலாம். ஆனால் பத்தரை மணிக்குத் தீவிலிருந்து போன் வந்திருந்தது.

படகுக்காரரின் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது அந்தத் தீவில். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதென்று எல்லாரும் நினைத்திருக்க, காலையிலேயே வலி எடுத்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்கிறாள் தீவு நர்ஸ். அங்கே இருப்பது அவளும் ஒரு கட்டிலும்தான். மூன்றரை மணிக்குள் இந்தக் கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராவிட்டால் இரண்டு உயிருக்கும் தன்னால் பதில் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டாள். மற்றப் படகெல்லாம் விடியற்காலையே கடலுக்குப் போய்விட்டன. மீட்புப் படகு வேறெங்கோ போயிருக்கிறது. ஆறு மணிக்கு முன் வராது. போதாக்குறைக்குத் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. ஒரு மணியைத் தாண்டினால் இந்தத் துறையில் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

படகுக்காரர் ஐஸ் வண்டிக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வண்டி பேட்டரியைக் கழற்றி வாங்கி வந்திருந்தார். கிழட்டு பேட்டரி. இந்த இஞ்சின் இழுக்கிற இழுப்புக்கு ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது.

"போறதுக்குப் போதும் சார்," என்றார். "திரும்பி வர்றதுக்குத்தான் இல்ல. நடுக்கடல்ல என் பொண்ணை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? அவன் என்ன பண்ணித் தொலைச்சான்னு அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்க. நான் சரி பண்ணிக்கறேன்."

படிக்கட்டில் அவர் மனைவி போனைக் காதோடு ஒட்டிவைத்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் பேசும்போதெல்லாம் தலையை ஆட்டினாள். தம்பியைத் திறந்துவிடும்படி காலையிலிருந்து நாலு தடவை கேட்டிருந்தாள். ஐந்தாவது தடவை கேட்கத் தெம்பு இல்லை. ஊசிக்கு எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ அழுகை கேட்டுப் பழக்கம். சத்தமில்லாத இந்த அழுகைதான் புதிது.

ஸ்டோர் கதவுக்கு அடியில் நாலு விரல் சந்து இருந்தது. அந்தச் சந்தில் ஒரு மூக்கும் எண்ணெய்க் கறை படிந்த நாலு விரலும் தெரிந்தன. கைதி தரையில் குப்புறப் படுத்திருந்தான். குடையார் குடையை ஊன்றிக் குனிந்து, பேட்டரிகளை எப்படிக் கொன்றாய் என்று கேட்டார்.

"சார், மீட்டர் வச்சுப் பார்க்கத் தெரிஞ்சவங்க யாராவது அங்க இருக்காங்களா?" என்றது சந்து.

கேள்வி கேட்பது தம் வேலை என்று குடையார் நினைவூட்டினார்.

"கேளுங்க சார், சாயங்காலம் வரைக்கும் கேளுங்க. அதுக்கு முன்னால என் டூல்ஸ் பெட்டியில மஞ்சள் மீட்டர் இருக்கு. வண்டி பேட்டரியை மாட்டிட்டு, அதோட ரெண்டு முனையிலயும் மீட்டர் ஊசியை வச்சுப் பாருங்க. வெளிய பேசினதெல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்கேன், அவ என் அக்கா பொண்ணு சார். தூக்கி வளர்த்த பொண்ணு."

"ஊசியைக் கேக்கறான் சார். நான் போறேன்," என்று கிளம்பினாள் ஊசி.

ஸ்டோருக்கும் படகுக்கும் நாற்பத்தாறு அடி. அன்று அவள் அதைப் பதினேழு தடவை நடந்தாள். கடைசி ஆறு தடவை ஓடினாள். படகுக்காரர் கதவைத் திறக்கமாட்டேன் என்று நின்றார். திறந்தால் அவன் மிச்சத்தையும் கெடுத்துவிட்டு ஓடுவான் என்பது அவர் பயம். குடையாருக்கும் கைதி உள்ளே இருப்பதுதான் முறை என்று பட்டது. ஆகவே விசாரணை கதவுச் சந்து வழியாகவே நடந்தது. விசாரித்தது யார், விசாரிக்கப்பட்டது யார் என்பது மட்டும் போகப் போகக் குழம்பிவிட்டது.

முதல் சாட்சி, ஐஸ் வண்டி பேட்டரி. சும்மா இருக்கும்போது பன்னிரண்டு புள்ளி நாலு வோல்ட் காட்டியது. இஞ்சினை ஓடவிட்டால் பதினாலுக்குப் பக்கத்தில் ஏற வேண்டும் என்றது சந்து. ஓடவிட்டார்கள். பன்னிரண்டு புள்ளி ஒன்றுக்கு இறங்கியது. ஊசி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டுக்கு வந்தது.

"அப்ப பேட்டரி மேல தப்பில்ல," என்றான் மெக்கானிக். "அங்க படுக்க வச்சிருக்கற அஞ்சும் சாகலைங்க. பட்டினி கிடக்கு. மாமா கிட்ட ஒவ்வொரு தடவையும் சொன்னேன், கேக்காம புதுசு வாங்கிட்டு வந்தாரு."

"அஞ்சு பேரும் பிழைச்சுட்டாங்க சார்," என்று ஊசி குடையாருக்குத் தகவல் சொன்னாள். "கொலை வழக்கு இப்ப சாப்பாடு போடாத வழக்காயிடுச்சு."

ஐந்தில் ஒன்றைச் சார்ஜில் போட்டால் என்ன என்று படகுக்காரர் கேட்டார். ஏறுவதற்கு அரை நாள் ஆகும் என்றது சந்து. மணி பதினொன்று ஐம்பது.

இரண்டாவது, ஒயர் முனைகளும் ஃப்யூஸும். முனைகள் இறுக்கமாக, துருவில்லாமல் பளபளத்தன. ஃப்யூஸுக்குள் கம்பி அறுபடவில்லை. மூன்றாவது, இஞ்சினின் தலைச் சக்கரத்துக்கு அடியில் இருக்கிற 'காயில்' என்கிற கம்பிச் சுருள். கரண்டைப் பிறப்பிப்பது அதுதான். அதிலிருந்து மூன்று மஞ்சள் ஒயர் வருகிறது; பிளக்கைப் பிரித்து, இஞ்சினை ஓடவிட்டு, இரண்டிரண்டாக மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று ஜோடியும் ஒரே அளவு காட்டினால் காயில் யோக்கியன். ஊசி பார்த்தாள். இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு. கையெழுத்துப் போட்ட மாதிரி ஒரே அளவு. ஓடிவந்து சொன்னாள்.

மிச்சம் இருந்தது ரெக்டிஃபயர். காயிலில் பிறக்கிற கரண்ட் ஒரு நிலையில் நிற்காது. போகும், வரும், போகும், வரும். அதைப் பிடித்து ஒரே பக்கமாகப் பேட்டரிக்கு அனுப்பிவைக்கிற காவல்காரன் ரெக்டிஃபயர். நல்ல காவல்காரன் ஒரு பக்கம் விடுவான், மறுபக்கம் விடமாட்டான். இஞ்சினை நிறுத்திவிட்டு ஊசி ஒவ்வொரு ஒயராக வைத்துப் பார்த்தாள். முன்னே வைத்தாலும் பேச்சில்லை. பின்னே வைத்தாலும் பேச்சில்லை.

"லைன் டெட்," என்றாள் சந்தில் குனிந்து. இருபத்திரண்டு வருடம் சொன்ன வார்த்தை, தானாக வந்தது.

 இது ஐந்தாவது என்றான் மெக்கானிக். ஒவ்வொரு தடவையும் இதேதான் சாகிறது. ஒவ்வொரு தடவையும் அவன்தான் மாற்றுகிறான். மாற்றினால் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடுகிறது, மறுபடி சாகிறது. ஏன் சாகிறதென்று புரியாமல் அவனே மூன்று வாரமாகத் தூங்கவில்லை.

"அது தானா சாகிற சாமான் இல்லைங்க. இஞ்சின் ஓடும்போது பேட்டரியை வெட்டி விட்டாத்தான் போகும். ஏறின கரண்டுக்குப் போக்கிடம் இல்லாம அதையே எரிச்சுடும். அப்புறம் சார்ஜ் ஏறாது, ரெண்டு நாள்ல பேட்டரி காலி. பின் சீட்டுப் பக்கத்துல சிவப்பு மெயின் சுவிட்ச் இருக்கு பாருங்க, ஓடும்போது அதை அணைச்சா ஒரு செகண்டு போதும். ஆனா யாரு அணைப்பா? ஒருத்தரும் தொடமாட்டாங்களே."

படகுக்காரர் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தாம் முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்து நிற்பவர், பின்னால் இருக்கிற சுவிட்சைத் தொட மூன்றாவது கை வேண்டும் என்றார். பயணிகள் யாருக்கும் அது என்னவென்றே தெரியாது. கள்ளன் கதை கட்டுகிறான், நேரம் கடத்துகிறான் என்று கதவை ஓர் உதை உதைத்தார். தகரம் துறை முழுக்க அதிர்ந்தது. மணி பன்னிரண்டு இருபது. படகின் பக்கவாட்டில் ஒரு சாண் பாசிக்கறை வெளியே வந்திருந்தது.

குடையார் குடையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். தெரிந்தவர்களுக்கு அது ஒரு சைகை: மூளை எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் சாவதற்கு முன்னால் இஞ்சினில் ஏதாவது வித்தியாசமான சத்தம் வந்ததா என்று படகுக்காரரைக் கேட்டார்.

"விக்கும் சார், ஒரே ஒரு விக்கல். இவ தீவுல எறங்கறப்ப. அங்க நீரோட்டம் ஜாஸ்தி. எல்லாரும் எறங்கற வரைக்கும் இஞ்சினை நிறுத்தாம படகைத் துறையோட அழுத்தியே வச்சிருப்பேன். பொண்டாட்டி எறங்கினா இஞ்சினுக்கே நிம்மதி போலிருக்குன்னு நான்கூட கிண்டல் பண்ணுவேன்." சொல்லிவிட்டு, கிண்டல் செய்கிற நாளா இது என்பதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குடையார் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டோர் கதவில் சாக்பீஸால் படகுக்காரர் எழுதிய தேதிகள் இருந்தன. ஒவ்வொரு பேட்டரியும் விழுந்த நாள். ஐந்து, பத்தொன்பது, இரண்டு, பதினாறு, முப்பது. முப்பது என்பது நேற்று.

படிக்கட்டில் போன் மறுபடி அடித்தது. ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டுமாம். கடைசியாகப் பரிசோதனை செய்த தேதிகளை நர்ஸ் சரிபார்த்தாள். மகளுக்குப் பரிசோதனை நடந்த ஒவ்வொரு தடவையும் தாய் தீவுக்குப் போய்க் கூட இருந்திருக்கிறாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். "மூணாம் தேதி," என்றாள் போனில். "அப்புறம் பதினேழு. முப்பத்தொண்ணு. பதினாலு. கடைசியா இருபத்தெட்டு."

அடுத்தவர் பேச்சைக் கேட்பது தப்பு என்று ஊசிக்குத் தெரியும். ஆனால் கேட்காமலிருக்க அவளுக்குச் சம்பளம் கொடுத்தவர் யாருமில்லை. மூன்றோடு இரண்டு ஐந்து. பதினேழோடு இரண்டு பத்தொன்பது. முப்பத்தொன்றோடு இரண்டு, அடுத்த மாதம் இரண்டாம் தேதி. குடையாரின் கை முட்டியைத் தொட்டு, தேதிகளைக் காதில் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்னால் ஒரு கேலியும் சேர்க்கவில்லை.

குடையார் முழங்காலை மடக்கி, கோட்டோடு சேற்றுத் தரையில் உட்கார்ந்தார். சிவப்பு சுவிட்சைப் பற்றி யார் யாரிடம் என்ன சொன்னாய் என்று மிகவும் மெதுவாகக் கேட்டார்.

மாமாவிடம் சொன்னேன் என்றான் மெக்கானிக். படகைக் கட்டிப்போட்டால் மெயினை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்கிற படகிலேயே பேட்டரி கசியும். ஆனால் மாமாவுக்கு மறதி. அதனால் அக்காவிடமும் சொல்லிவைத்தான், இரண்டு மாதத்துக்கு முன்னால்.

"என்னன்னு சொன்ன? சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு."

"எறங்கும்போது சிவப்பு சுவிட்சை அணைச்சிடு அக்கான்னு சொன்னேன்."

"யார் எறங்கும்போது?"

 அவன் மெக்கானிக். அவன் படகிலிருந்து இறங்குவது எல்லாம் முடிந்து, இஞ்சின் நின்று, மூடியும் போட்ட பிறகு. இறங்குவது என்றால் அவனுக்கு அதுதான். வேறு மாதிரி இறங்குகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று இரண்டு மாதமாக அவனுக்குத் தோன்றவில்லை.

பதில் பின்னாலிருந்து வந்தது.

"நான் எறங்கும்போது," என்றாள் படகுக்காரரின் மனைவி.

போன் கையில் இருந்தது, காதில் இல்லை. அவள் அழவில்லை. ஒவ்வொரு தடவையும் தானே முதலில் இறங்குவாள், மகளைப் பார்க்கிற அவசரம். பின் சீட்டிலிருந்து எழுவாள், சுவிட்சைத் திருகுவாள், துறையில் கால் வைப்பாள். அவர் முன்னால் நின்று படகை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். தம்பி சொன்னதை ஒரு தடவைகூட மறக்கவில்லை. அதை அவள் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். முடித்ததும் போனைத் தரையில் வைத்தாள். "அஞ்சு தடவை," என்றாள் கையைப் பார்த்துக்கொண்டு. "அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பண்ணியிருக்கேன்."

 தாம் மறந்த நாளிலும் சுவிட்ச் அணைந்தே இருந்ததைப் பார்த்து, தமக்கு ஞாபகசக்தி கூடிவிட்டதென்று சந்தோஷப்பட்டதாக படகுக்காரர் பிற்பாடு ஊசியிடம் ஒப்புக்கொண்டார். அப்போது உள்பாக்கெட்டில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். தலைகீழாகப் பூட்டில் நுழைத்தார்.  ஊசி வாங்கித் திறந்தாள்.

மெக்கானிக் தவழ்ந்தபடியே வெளியே வந்தான். தப்பு தன் வாய் மேல், அக்கா மேல் இல்லை என்று சொன்னான். இல்லை என் கை மேல் என்றாள் அவள். குற்றத்துக்கு இரண்டு பேர் போட்டி போடுகிற வழக்கைக் குடையார் அதற்கு முன் பார்த்ததில்லை. தீர்ப்புச் சொல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"அதெல்லாம் அப்புறம் சார்," என்றான் மெக்கானிக். "காலையில புது ரெக்டிஃபயரை மாத்தத்தான் வந்தேன். மாமா கையிலேர்ந்து புடுங்கிட்டாரு. இதுவரைக்கும் கேட்டிருந்தா யாரும் குடுத்திருக்க மாட்டீங்க. கறுப்பா, சோப்பு டப்பா மாதிரி. அது எங்க?"

படகுக்காரர் குடையாரைப் பார்த்தார். ஊசி குடையாரைப் பார்த்தாள். குடையாருக்குப் பார்க்க யாருமில்லை, கடலைப் பார்த்தார். ஒன்றரை மணி நேரமாக இரண்டு உயிர் தம் கோட்டுப் பையில் இருந்திருக்கிறது என்பது அவருக்கு உறைக்க மூன்று விநாடி ஆனது. செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து, மேலே எழுதியிருந்ததைக் கட்டைவிரலால் மறைத்தபடி நீட்டினார்.

"தடயத்தை வெளிய குடுக்கறது முறையில்லையே சார்," என்றாள் ஊசி. ஆனால் சொல்லும்போதே பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

இரண்டு போல்ட், இரண்டு பிளக். மெக்கானிக்கின் கை அதற்குள் போனால் வெளியே வரும்போது வேலை முடிந்திருக்கும். பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு இஞ்சின் உறுமியது. எல்லாரும் ஊசியின் மடியிலிருந்த மீட்டரையே பார்த்தார்கள். பன்னிரண்டு புள்ளி பூஜ்யம். பதின்மூன்று புள்ளி ஒன்று. பதினாலு புள்ளி ஒன்று. அங்கேயே நின்றது.

படகின் அடிப்பக்கம் அதற்குள் சேற்றைத் தொட்டுவிட்டது. குடையார் கோட்டோடும் குடையோடும் இடுப்பளவுச் சேற்றில் இறங்கித் தள்ளினார். படகு போய்விட்டது, அவர் போகவில்லை. இரண்டு மணி வரை அவர் அங்கேயே நின்றதாகவும், ஐஸ் வண்டிக்காரர் ஒரு மாட்டு வண்டியில் கயிறு கட்டி இழுத்ததாகவும் கேள்வி. கயிறு அறுந்ததா, வண்டி கவிழ்ந்ததா என்பதில் மட்டும் ஆளுக்கொரு கதை.

போகிற ஐம்பது நிமிடமும் மெக்கானிக் சிவப்பு சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து, கோல்கீப்பர் மாதிரி நின்றான். அவனுடைய அக்கா படகின் மூக்குப் பக்கம் போய், சுவிட்சிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். அலையடித்து முகத்தில் தண்ணீர் தெறித்தபோதும் துடைக்கக் கையை எடுக்கவில்லை.

தீவுத் துறையில் இரண்டு பேர் மகளை நாற்காலியோடு தூக்கிவந்து இறக்கினார்கள். நர்ஸும் ஏறிக்கொண்டாள். படகுத் தரையில் விரித்த மெத்தையில், தாயின் கால்மாட்டில், மகள் தலை வைத்துப் படுத்தாள். உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. ஊசி அதைப் பார்க்கக் கூடாதென்று மீட்டரைப் பார்த்தாள்.

பாதி வழியில் இஞ்சின் முக்கியது, திணறியது, நின்றது. அடியில் சுழலும் விசிறியில் கடல்பாசி சுற்றிக்கொண்டுவிட்டது. அந்தக் கடல் பாதையில் அது சகஜம். எந்தப் படகும் ஒரு தடவையாவது நின்று அறுத்துவிட்டுத்தான் போக வேண்டும். படகுக்காரர் இஞ்சினைத் தூக்கினார். மெக்கானிக் வயிறு வரைக்கும் வெளியே தொங்கி, பின்னலைப்போல் தடித்த பாசியைக் கத்தியால் அறுத்து அறுத்து எறிந்தான். சத்தமில்லாத கடலில் மகளின் மூச்சு மட்டும் கேட்டது. நர்ஸ் வாட்சைப் பார்த்தாள். 

இஞ்சினை இறக்கியாயிற்று. மீட்டர் என்ன சொல்கிறது என்று மெக்கானிக் கேட்டான்.

"பன்னிரண்டு புள்ளி ஏழு."

மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடி சொன்னாள். கிழட்டு பேட்டரி, வரும் வழியெல்லாம் வயிறாரச் சாப்பிட்டிருந்தது.

படகுக்காரரின் கை சாவி மேல் இருந்தது. திருகவில்லை. திரும்பி மச்சினனைப் பார்த்தார். காலையில் அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய கை அது.

"நீ போடு," என்றார்.

"நீங்களே போடுங்க மாமா. ஓடும்."

திருகினார். ஒரு முனகல். இன்னொரு முனகல். பிறகு இஞ்சின் பிடித்துக்கொண்டு, படகு மூக்கைத் தூக்கிக் கரைப்பக்கம் பாய்ந்தது.

அடுத்த வலி வந்தபோது மகள் கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டினாள். "அம்மா, கையைக் குடு."

தாய் அசையவில்லை. "என் கை வேணாம்மா," என்றாள். "நர்ஸம்மா கையைப் பிடிச்சுக்கோ."

"ஏம்மா படுத்தற? கையைக் குடும்மா."

ஊசி மீட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். அந்த அம்மாள் தொடைக்கு அடியிலிருந்து கைகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அழுந்தியிருந்ததில் பலகையின் வரியெல்லாம் உள்ளங்கையில் பதிந்து, விரல்கள் வெளுத்திருந்தன. மகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். எலும்பு நொறுங்குகிற பிடி. கரையில் ஆஸ்பத்திரித் துறை தெரிந்தது. ஆழமான துறை, வற்றாது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் தயாராக நின்றிருந்தார்கள். மணி மூன்று ஆக ஐந்து நிமிடம் இருந்தது.

வலி இறங்கியதும் மகள் கண்ணைத் திறந்து, தான் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல. இன்னும் இறுக்கிப் பிடி," என்றாள் தாய்.